கடை, பேர், நிலம்: ஸ்பென்சர் கதையிலிருந்து நம்ம ஊர் டிபார்ட்மெண்டல் ஸ்டோருக்கு ஒரு கணக்குப் பாடம்

போன வீடியோவில் "சொந்தக் கட்டடத்துல கடை வச்சிருக்கோம், பக்கத்து இடமெல்லாம் காம்ப்ளக்ஸ் ஆகுது, நாங்க என்ன பண்றது?"ங்கிற கேள்விக்கு ரெண்டு நிமிஷம்தான் பேச முடிஞ்சது. இது ரெண்டு நிமிஷத்துல முடியிற விஷயம் இல்லைங்க. அதனால இந்தக் கட்டுரையில் கணக்கோடு பார்க்கலாம். பேப்பர், பேனா பக்கத்துல வச்சுக்கோங்க.

கோபி, சத்தி, பவானி, அந்தியூர்னு எந்த ஊரை எடுத்தாலும் இப்படி ஒரு கடை இருக்கும். அப்பாவோ தாத்தாவோ மளிகைக் கடையா ஆரம்பிச்சு, அப்புறம் கண்ணாடிக் கதவு போட்டு, கூடை கொடுத்து, "டிபார்ட்மெண்டல் ஸ்டோர்"னு போர்டு மாத்தின கடை. கீழே மளிகை, மேலே பாத்திரம், பிளாஸ்டிக், ஸ்டேஷனரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், மெயின் ரோட்டு மேல சொந்த இடம். இருபது வருஷம் முன்னாடி அந்தத் தெருவுக்கே அதுதான் பெரிய கடை. இன்னைக்கு ஒரு பக்கம் சங்கிலிக் கடை, இன்னொரு பக்கம் செல்போனில் ஆர்டர். நடுவில் ஒரு பில்டர் வந்து, "அண்ணா, ஜாயிண்ட்டா பண்ணிக்கலாம்"னு சொல்லிட்டுப் போறார்.

இந்த நிலைமையில் குடும்பத்துக்குள்ளே நடக்கிற பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அப்பா, "லாபத்துலதானே ஓடுது, எதுக்கு மூடணும்?"ம்பார். பையன், "இடத்தோட மதிப்புக்கு இந்த வருமானம் ஒண்ணுமே இல்லை"ம்பான். ரெண்டு பேரும் வேற வேற சொத்தைப் பத்திப் பேசறாங்க. அதைப் பிரிச்சுக் காட்டுறதுதான் இன்னைக்குப் பாடம்.

ஸ்பென்சர்: ஒரே கடை, மூன்று சொத்து

தமிழ்நாட்டில் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் என்றால் முதலில் சொல்ல வேண்டிய பேர் சென்னை ஸ்பென்சர்ஸ். 1860-களின் தொடக்கத்தில் சார்லஸ் டுரான்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இரண்டு பேர் மவுண்ட் ரோட்டில் ஆரம்பித்த கடை அது. பிறகு யூஜின் ஓக்‌ஷாட் என்பவர் கைக்கு வந்தது. அவர் காலத்தில், 1890-களில், இந்தோ-சாரசெனிக் பாணியில் பெரிய கட்டடம் எழுந்தது. அதற்குள் 80-க்கும் மேற்பட்ட தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. டிபார்ட்மெண்ட் ஸ்டோர் என்ற சொல்லுக்கு அசல் அர்த்தமே அதுதான்: ஒரே கூரைக்குக் கீழ் பல டிபார்ட்மெண்ட்.

அப்புறம் என்ன ஆச்சு? 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பழைய கட்டடம் தீயில் போய்விட்டது. 1989-ல் ஸ்பென்சர் கம்பெனி ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்கு வந்தது. அதே இடத்தில் மூன்று கட்டங்களாக ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. 90-களில் கோபியிலிருந்து சென்னைக்குப் போனவங்க ஸ்பென்சர் பிளாசாவைப் பார்க்காமல் திரும்பியதில்லை. ஏசி, எஸ்கலேட்டர் எல்லாம் நம்மில் பலருக்கு அங்கேதான் அறிமுகம்.

2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது. 2013-ல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் வந்தது. நடுவில் மெட்ரோ வேலைக்காக அண்ணா சாலையில் பல வருஷம் போக்குவரத்து மாற்றம். ஸ்பென்சர் பிளாசாவில் கூட்டம் குறைந்தது, பல கடைகள் பூட்டின. ஆனால் 2019 பிப்ரவரியில் அண்ணா சாலை வழியாக மெட்ரோ ஓட ஆரம்பித்தபோது, எல்.ஐ.சி. ஸ்டேஷன் கிட்டத்தட்ட பிளாசாவின் வாசல் பக்கத்திலேயே வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். ஸ்பென்சர் என்ற பேர் இன்றும் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு ரீட்டெய்ல் கம்பெனியின் பேராக இருக்கிறது. அந்த நிலம் சென்னையின் நடுமையத்தில் மெட்ரோ பக்கத்தில் இருக்கிறது. ஆனால் மவுண்ட் ரோட்டில் 80 பிரிவோடு ஓடிய அந்த வியாபாரம் இல்லை. வியாபாரம், பேர், நிலம் மூன்றும் ஒன்றாகப் பிறந்தன. பிறகு தனித்தனியாகப் பிரிந்து, தனித்தனி ஆயுளோடு போய்விட்டன.

உங்கள் கடையும் அப்படித்தான். ஒரே ஷட்டருக்குள் மூன்று சொத்து இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே லாப நஷ்டக் கணக்கு எழுதினால் உண்மை தெரியாது.

உங்களுக்கு நீங்களே கொடுக்காத வாடகை

ஒரு உதாரணக் கடையை எடுத்துக்கலாம். எண்கள் எல்லாம் புரிதலுக்காக நான் போட்டவை. உங்கள் கடை எண்ணை நீங்கள் போட்டுப் பாருங்க.

10 செண்ட் இடம். கீழும் மேலுமாக 6,000 சதுர அடி. வருஷ விற்பனை 3 கோடி ரூபாய். சராசரி மார்ஜின் 14 சதவீதம், அதாவது 42 லட்சம்.

செலவு:
- 10 பேர் சம்பளம், ஆளுக்கு மாதம் 13,000: 15.6 லட்சம்
- கரண்ட் பில்: 4.4 லட்சம்
- லாரி வாடகை, கவர், கழிவு, மற்றவை: 8 லட்சம்
- மொத்தம்: 28 லட்சம்

லாபம் 14 லட்சம். அப்பா சொல்வது சரிதான், கடை லாபத்தில்தான் ஓடுகிறது. இன்கம்டாக்ஸ் ரிட்டர்னிலும் இதைத்தான் காட்டுவோம்.

இப்போது எழுதாமல் விட்ட மூன்று செலவை எழுதலாம்.

முதலாவது, வாடகை. இதே கட்டடத்தை வேறு ஒருவருக்கு விட்டால் மாதம் 1 லட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 12 லட்சம். சொந்த இடம் என்பதால் அதை நாம் எழுதுவதில்லை.

இரண்டாவது, உழைப்பு. அப்பாவும் பையனும் காலை ஏழு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை கடையில் இருக்கிறார்கள். அந்த இடத்தில் மேனேஜர் ஒருவர், கேஷியர் ஒருவர் போட்டால் மாதம் 30,000-மும் 25,000-மும் ஆகும். வருஷத்துக்கு 6.6 லட்சம்.

மூன்றாவது, சரக்கில் போட்ட பணம். 40 லட்சம் சரக்கு எப்போதும் ரேக்கில் நிற்கிறது. 8 சதவீதம் போட்டால் 3.2 லட்சம்.

மூன்றும் சேர்ந்து 21.8 லட்சம். கடை தருவது 14 லட்சம். வித்தியாசம் மைனஸ் 7.8 லட்சம்.

அதாவது, வருஷா வருஷம் 14 லட்சம் லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பம், உண்மையில் நிலத்தின் வாடகையையும் தங்கள் சம்பளத்தையும் எடுத்து வியாபாரத்துக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறது. நிலம்தான் கடையைக் காப்பாற்றுகிறது. கடை நிலத்தைக் காப்பாற்றவில்லை.

சரி, உடனே மூடிடலாமா? பொறுங்க. இந்தக் கணக்கையும் அப்படியே நம்பக் கூடாது.

அப்பாவுக்கு 62 வயசு. கடையை மூடினால் அவருக்கு யாரும் 30,000 ரூபாய் வேலை கொடுக்கப் போவதில்லை. அப்போது அவருடைய 3.6 லட்சத்தை எடுத்துவிட வேண்டும். மைனஸ் 7.8 என்பது மைனஸ் 4.2 ஆகிறது. வாடகைக்கு விட்டாலும் பன்னிரண்டு மாதமும் ஆள் இருப்பார்கள் என்று இல்லை. இரண்டு மாதம் காலியாக இருந்தால் இன்னும் 2 லட்சம் குறைகிறது. வித்தியாசம் மைனஸ் 2.2.

இப்போது மார்ஜினைப் பாருங்க. 14 சதவீதம் 16 ஆனால் அதே விற்பனையில் 6 லட்சம் கூடுகிறது. கடை பிளஸ்ஸுக்கு வந்துவிடும். ஆக "மூடுறதா, நடத்துறதா" என்ற பெரிய கேள்வி, "இந்தக் கடையில் மார்ஜினை 2 சதவீதம் ஏத்த முடியுமா?" என்ற சின்னக் கேள்வியாக மாறுகிறது. அதற்குப் பதில் சொல்ல முடியும். பிரிவு பிரிவாகக் கணக்கு எடுங்க. பிராண்டட் சோப்பு, பிஸ்கட்டில் சங்கிலிக் கடையோடு விலைக்கு மல்லுக்கட்ட முடியாது. பருப்பு, மிளகாய், மஞ்சள், செக்கு எண்ணெய், வெல்லம், பூஜைச் சாமான், சமையல்காரர்கள் கல்யாணத்துக்கு வாங்கும் மொத்தச் சரக்கு, இதில்தான் உள்ளூர்க்காரருக்குப் பலம். எந்த ரேக் சதுர அடிக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்காதீங்க.

பாதி மாடி தூங்குகிறதா? மேல் மாடி பாத்திரப் பிரிவில் நாளைக்குப் பத்துப் பேர்தான் ஏறுகிறார்கள் என்றால், அந்த மாடியை மட்டும் ஒரு டியூஷன் சென்டருக்கோ ஆய்வகத்துக்கோ விடலாம். கடை முழுசாக இருக்கணும் இல்லை முழுசாகப் போகணும் என்று சட்டம் ஒன்றும் இல்லைங்க.

வழி 1: முழுக் கட்டடத்தையும் வாடகைக்கு விடுவது

மாதம் 1 லட்சம் என்றால் வருஷம் 12 லட்சம். இந்த வருமானம் வீட்டுச் சொத்து வருமானத் தலைப்பில் வரும். சொத்து வரி 40,000 கட்டியிருந்தால் மீதி 11.6 லட்சம். அதில் 30 சதவீதம், 3.48 லட்சம், நிலையான கழிவு. வரிக்கு உட்படுவது 8.12 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு 12 லட்சம் வரை ரிபேட் இருப்பதால், வேறு வருமானம் இல்லை என்றால் வரியே வராது.

கடை லாபம் 14 லட்சமாக இருக்கும்போது ரிபேட் வரம்பைத் தாண்டி வரி கட்டினீங்க. வாடகையில் 12 லட்சம் வரியில்லாமல் வருகிறது. வருமானத்தை வரிக்குப் பிறகு ஒப்பிடணும் என்று சொல்வது இதனால்தான்.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். "நம்ம பையன்தான், வாய் வார்த்தை போதும்" என்பது வேண்டாம். இரண்டு, நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராகவும் வாடகைக்கு வருபவர் பதிவு உள்ளவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் முதல் அவரே 18 சதவீதம் கட்ட வேண்டிய முறை இருக்கிறது. காம்போசிஷனில் இருப்பவருக்குப் பிறகு விலக்கு கொடுத்தார்கள். வாடகை பேசும்போதே இதைப் பேசிடுங்க.

வழி 2: பில்டரோடு ஜாயிண்ட் டெவலப்மெண்ட்

பில்டர் சொல்வது கேட்க நன்றாக இருக்கும். "உங்க 6,000 சதுர அடியை இடிச்சு 18,000 கட்டறோம். பாதி உங்களுக்கு. 6,000 கொடுத்து 9,000 வாங்கறீங்க."

முதல் கேள்வி: எந்த 9,000? நம்ம ஊர் மாதிரி இடத்தில் ரோட்டைப் பார்த்த கீழ்த்தளத்துக்கு ஒரு வாடகை, மூன்றாவது மாடிக்கு வேறு வாடகை. பாதிக்குக்கூட வராது. கீழ்த்தளம் முழுக்கப் பில்டருக்குப் போய், உங்களுக்கு மேல் மாடிகள் வந்தால், 9,000 சதுர அடி பழைய 6,000-ஐ விடக் குறைவாகச் சம்பாதிக்கலாம். சதுர அடியைப் பங்கு போடாதீங்க, வாடகையைப் பங்கு போடுங்க. ஒவ்வொரு தளத்திலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே வரைபடத்தோடு இருக்கணும்.

இரண்டாவது கேள்வி: கட்டி முடிக்கும் இரண்டு, மூன்று வருஷம் வீட்டுச் செலவுக்கு என்ன? அந்தக் காலத்துக்கு மாதாமாதம் பணம், தாமதத்துக்கு அபராதம், இரண்டும் எழுத்தில் வேணும்.

மூன்றாவது, வரி. இது பெரிய விஷயம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 45(5ஏ) பிரிவு, தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் ஒரு சலுகை கொடுத்தது. பதிவு செய்த ஜாயிண்ட் டெவலப்மெண்ட் ஒப்பந்தமாக இருந்தால், கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் வரும் வருஷத்தில்தான் மூலதன ஆதாய வரி. அதற்கு முன்னால் உங்கள் பங்கை விற்றால் அந்தச் சலுகை போய்விடும்.

ஆனால் சொத்து பார்ட்னர்ஷிப் ஃபர்ம் பேரில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. நம்ம பக்கம் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடைகளில் இடத்தை ஃபர்ம் கணக்கில் கொண்டுவந்து வைத்திருப்பது சகஜம். அப்படி இருந்தால், ஒப்பந்தம் போட்டு இடத்தை ஒப்படைத்த வருஷமே வரிக் கேள்வி வரலாம். கையில் ஒரு ரூபாய் வராமல், ஒரு செங்கல் எழாமல், லட்சக்கணக்கில் வரி. அதனால் பில்டரிடம் பேசுவதற்கு முன்னால் எடுத்துப் பார்க்க வேண்டியது பத்திரமும் பேலன்ஸ் ஷீட்டும்.

2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்கள் வேறு. இங்கே நான் சொல்வது பழைய சட்ட எண்கள். கையெழுத்துக்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் அன்றைய நிலையைக் கேட்டுக்கோங்க.

வழி 3: விற்றுவிடுவது

இடம் தனிநபர் பேரில் இருக்கிறது, தாத்தா 1970-களில் வாங்கியது, 2 கோடிக்கு விலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காக நிலத்தை மட்டும் பார்க்கலாம். 2001-க்கு முன் வாங்கிய நிலத்துக்கு, 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டக் கூடாது. அது 8 லட்சம் என்று வைப்போம்.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு இந்தியாவில் வசிக்கும் தனிநபர், கூட்டுக் குடும்பம் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

- இண்டெக்ஸேஷன் இல்லாமல் 12.5 சதவீதம்: ஆதாயம் 192 லட்சம், வரி 24 லட்சம்.
- இண்டெக்ஸேஷனோடு 20 சதவீதம்: 2025-26-க்கான குறியீடு 376. 8 லட்சம் 30.08 லட்சம் ஆகிறது. ஆதாயம் 169.92 லட்சம், வரி சுமார் 33.98 லட்சம்.

இங்கே 12.5 சதவீதம்தான் லாபம். சர்சார்ஜ், செஸ் இதற்கு மேல். பழைய கட்டடத்துக்குத் தேய்மானம் எடுத்திருந்தால் கட்டடத்தின் பகுதிக்குக் கணக்கு வேறு. அதைக் குறுகிய கால ஆதாயமாகப் பார்ப்பார்கள்.

வரியைக் குறைக்க இரண்டு வழி. 54ஈசி பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை போடலாம், ஐந்து வருஷம் எடுக்க முடியாது. 54எஃப்-ன் கீழ், விற்ற பணத்தைக் குடியிருப்பு வீட்டில் போடலாம்: வாங்குவதென்றால் இரண்டு வருஷம், கட்டுவதென்றால் மூன்று வருஷம். ஆனால் விற்கும் நாளில் உங்கள் பேரில் ஒன்றுக்கு மேல் வீடு இருந்தால் 54எஃப் கிடையாது. கோபியில் ஒரு வீடு, கோயமுத்தூரில் ஒரு ஃபிளாட் என்று இருப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

வழி 4: காம்ப்ளக்ஸில் கடை வாங்குவது

இது இடத்துக்காரருக்கு இல்லை, அந்தப் புது காம்ப்ளக்ஸில் 300 சதுர அடி கடை வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு. ஸ்பென்சர் பிளாசாவிலிருந்து கிடைக்கும் அடுத்த பாடம் இது.

ஸ்பென்சர் பிளாசாவில் கடைகளுக்குப் பல உரிமையாளர்கள். ஃபீனிக்ஸ் மாதிரி மால்களில் பொதுவாக ஒரே உரிமையாளர், கடைகளுக்கு வாடகை ஒப்பந்தம் மட்டும். ஒரே உரிமையாளர் என்றால் எந்தத் தளத்தில் எந்த மாதிரிக் கடை வரணும் என்று முடிவு செய்யலாம். ஓடாத கடையை மாற்றலாம், பழைய ஏசியை மாற்றலாம், தேவைப்பட்டால் முழுக்கப் புதுப்பிக்கலாம். உரிமையாளர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது லிஃப்ட் மாத்தறதுக்கே சம்மதம் வாங்கணும். வெளியூரில் இருப்பவர் மெயின்டனன்ஸ் கட்ட மாட்டார். ஒருவர் கடையைக் குடோனாக்குவார். அந்த வரிசையே இருட்டாகும். பக்கத்துக் கடைக்கும் ஆள் வராது. உங்கள் கடை நல்லாத்தான் இருக்கும், கட்டடம் கெட்டுப் போயிருக்கும்.

பழைய அடுக்குக் கட்டடத்தை இடித்துக் கட்ட, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்று தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022 சொல்கிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கடை வளாகத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று பத்திரத்தைக் காட்டி வக்கீலிடம் கேளுங்க. வாங்கும்போதே பார்க்க வேண்டியது: பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி, சங்கம் பதிவாகியிருக்கா, பார்க்கிங் யார் பேரில், கீழ்த்தளம் யார் கையில்.

நிலம் மட்டும் போதுமா?

"அப்போ நிலம்தான் எல்லாம், வியாபாரம் எப்படிப் போனாலும் பரவாயில்லை" என்று முடிவு கட்டிடாதீங்க. அதற்கும் உதாரணம் உண்டு.

அமெரிக்காவின் சியர்ஸ், 2015-ல் 235 இடங்களைச் செரிடேஜ் என்ற தனி நிறுவனத்துக்குச் சுமார் 270 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டு, அதே இடங்களில் பலவற்றை வாடகைக்கு எடுத்துக் கடை நடத்தியது. 2018-ல் சியர்ஸ் திவால் மனு போட்டது. நிலத்தை வாங்கிய செரிடேஜும் 2022-ல் சொத்துகளை விற்று நிறுவனத்தையே கலைக்கும் திட்டத்துக்குப் பங்குதாரர் ஒப்புதல் வாங்கியது. கடை மட்டும் வைத்திருந்தவரும் சிரமப்பட்டார், இடம் மட்டும் வைத்திருந்தவரும் சிரமப்பட்டார்.

சிங்கப்பூர் ராபின்சன்ஸ் இன்னொரு விதம். 1858-ல் தொடங்கியது. 1972-ல் ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடம் தீயில் எரிந்தது. ஸ்பென்சர் மாதிரியே தீ, ஆனால் வியாபாரம் வேறு இடத்துக்குப் போய் இன்னும் ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக ஓடியது. கடைசிக் காலத்தில் மற்றவர்களின் மால்களில் பெரிய இடம் எடுத்து நடத்தினார்கள். 2020-ல் கொரோனா வருஷத்தில் மூடிவிட்டார்கள். பேர் பெரிசு, ஆனால் தாங்கிப் பிடிக்கச் சொந்த நிலம் இல்லை.

நம்ம பக்கம் பார்க்கணும்னா கோயமுத்தூர் அவினாசி ரோடு. 1910-ல் தொடங்கிய லட்சுமி மில்ஸ் வளாகத்தில் 2023-ல் லுலு ஹைப்பர்மார்க்கெட் வந்தது. நூல் ஓடிய இடத்தில் மளிகை ஓடுகிறது. நிலம் நல்ல இடத்தில் இருந்தால் அதற்கு அடுத்த வேலை கிடைக்கும். அது உங்கள் வேலையாக இருக்கணும் என்று அவசியம் இல்லை.

கணக்கில் வராத இருவர்

முதலில் உங்கள் அக்கா, தங்கச்சி. பூர்வீகச் சொத்து என்றால் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்தது, நாடு முழுக்க 2005-ல் வந்தது, 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. "கல்யாணத்துக்குச் சீர் செஞ்சாச்சு" என்பது பங்குக்குப் பதில் ஆகாது. பில்டர் வக்கீல் முதலில் கேட்பதே எல்லா வாரிசுகளின் கையெழுத்துத்தான். அன்றைக்குப் போய் நின்றால் சண்டை. இன்றைக்கே கூப்பிட்டு, இந்தக் கணக்கை அவங்களுக்கும் காட்டுங்க. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து உயில் எழுதியிருந்தால் கதை வேறு, அதையும் பத்திரத்தில் பாருங்க.

இரண்டாவது, இருபது வருஷமாக உங்கள் கடையில் பொட்டலம் கட்டுபவர்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடையில், ஐந்து வருஷம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்கணும். 13,000 சம்பளம், 20 வருஷம் என்றால்: 500 ரூபாய், 15 நாள், 7,500. இருபது வருஷத்துக்கு 1,50,000. ஒருவருக்கு. இப்படி ஐந்து பேர் இருந்தால் 7.5 லட்சம். உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் இந்தக் கடன் எழுதியிருக்கா? பெரும்பாலும் இருக்காது. கடையை மூடும் முடிவில் இதை முதல் வரியாகப் போடுங்க, கடைசி வரியாக இல்லை. பில்டரிடம் வாங்கும் முன்பணத்திலிருந்து முதலில் போக வேண்டிய பணம் இதுதான். சட்டத்துக்காக மட்டும் சொல்லலைங்க. உங்கள் கடைப் பேரை ஊருக்குள் சுமந்தது அவங்கதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பத்தி போடுங்க.

வியாபாரம்: லாபத்திலிருந்து வாடகை, உழைப்பு, சரக்குப் பண வட்டி மூன்றையும் கழித்து மீதி எவ்வளவு? மூன்று வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. ஒரு வருஷம் மைனஸ் என்றால் பயப்பட வேண்டாம். மூன்று வருஷமும் மைனஸ் வளர்ந்துகொண்டே போனால் யோசிக்கணும்.

பேர்: கடை இடம் மாறினாலும் உங்களைத் தேடி வரும் வாடிக்கையாளர் எத்தனை பேர்? மாதச் சாமான் லிஸ்ட் கொடுக்கும் வீடுகள், கல்யாண ஆர்டர்கள், ஹோட்டல்கள். இவர்கள் 200 பேர் இருந்தால், 1,000 சதுர அடி வாடகை இடத்திலும் அந்தப் பேர் பிழைக்கும். பெரிய கட்டடத்தை வாடகைக்கு விட்டுட்டு, சின்ன இடத்தில் நல்ல மார்ஜின் சரக்கை மட்டும் வைத்து நடத்துவது பல குடும்பங்களுக்குப் பொருந்தும் வழி. அப்பாவுக்கு உட்கார ஒரு கல்லாவும் இருக்கும்.

நிலம்: யார் பேரில்? ஃபர்மிலா, தனிநபரிலா, பூர்வீகமா? 2001 கைடுலைன் மதிப்பு என்ன? வாரிசுகள் யார் யார்? வில்லங்கச் சான்றிதழ் எடுத்து எவ்வளவு நாள் ஆச்சு?

மூன்று பத்தியும் நிரம்பும் வரை பில்டருக்குப் பதில் சொல்லாதீங்க, முன்பணமும் வாங்காதீங்க. அவருக்கு அவசரம் இருக்கலாம். உங்கள் நிலம் எங்கேயும் ஓடிப்போகாது. தாளை அப்பாவோடு உட்கார்ந்து நிரப்புங்க. அவர் கடையைப் பத்திப் பேசறார், நீங்க நிலத்தைப் பத்திப் பேசறீங்க என்பது ரெண்டு பேருக்கும் அப்போது புரியும். அதுக்கப்புறம் எந்த முடிவு எடுத்தாலும் வீட்டுக்குள்ளே மனஸ்தாபம் இல்லாமல் எடுக்கலாம்.

அடுத்த வீடியோவில் இதே உதாரணக் கடையை ஃபர்ம் பேரில் இருக்கிற சொத்தாக வைத்து, ஜாயிண்ட் டெவலப்மெண்ட் வரிக் கணக்கை வரி வரியாகப் போட்டுக் காட்டறேன். உங்கள் தாளை நிரப்பி வச்சுக்கோங்க, அது கையில் இருந்தால் வீடியோ சுலபமாகப் புரியும்.